கையில் காசில்லாதவருக்கு ஜாமீன்: சேலத்தில் இலவச சட்ட உதவி எதுவரை கைகொடுக்கும்?

ஜாமீன் ஆர்டர் கிடைப்பது ஒரு நாள், ஆள் வீடு வந்து சேர்வது இன்னொரு நாள். நடுவில் இருக்கும் இடைவெளி சிலருக்கு ஒரு ராத்திரி, சிலருக்கு மாதக்கணக்கு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் கிடைக்கும் இலவச ஜாமீன் உதவியை இங்கே அந்த இடைவெளியை வைத்தே எடைபோடுகிறோம். சேலத்திலும் ஏற்காட்டு மலையிலும் இருந்து இந்தச் சேவையை நாடுகிறவர்களுக்காக எழுதியது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மனு போட்டு ஆர்டர் வாங்கும் வரை இதை நம்பிப் போகலாம். ஆர்டருக்குப் பிறகு, ஜாமீன்தார் கொடுக்கும் கட்டத்தில், குடும்பத்தார் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் வேலை நகரும்.

வருமானச் சான்று வேண்டுமே என்று தாலுகா ஆபீசுக்கு அலைகிறவர்கள் உண்டு. தேவையே இல்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12-ஆம் பிரிவில், காவலில் இருப்பவரைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது. அவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்ற கேள்வி எழாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அப்படியே. ஆகவே சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்று, ஆள் இன்னும் கைதாகாத நிலையிலும், முன்ஜாமீனுக்கே இங்கே வரலாம். வக்கீல் ஃபீஸ், கோர்ட் கட்டணம், மனு தயாரிக்கும் செலவு எதுவும் உங்கள் கையிலிருந்து போகக் கூடாது. நியமிக்கப்பட்ட வக்கீல் தனியாகப் பணம் கேட்டால், ஆணைக்குழுவின் செயலாளருக்கு எழுதிக் கொடுங்கள். செயலாளர் ஒரு நீதித்துறை அதிகாரி. வக்கீலை மாற்றித் தரச் சொல்லவும் வழியுண்டு.

ஆணைக்குழுவை நாடி அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்துக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: உள்ளே இருப்பவரின் பெயர், அப்பா பெயர், வயது, எந்த ஸ்டேஷன், குற்ற எண், என்னென்ன பிரிவு, ரிமாண்ட் ஆன தேதி, எந்த மாஜிஸ்திரேட் கோர்ட், எந்தச் சிறை. குற்ற எண் தெரியாமல் வருவதுதான் முதல் தாமதம். பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகள் தவிர மற்றவற்றின் எஃப்.ஐ.ஆர். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் கிடைக்கும். வெளியிலேயே பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். மலையிலிருந்து உடனே இறங்க முடியாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு போன் செய்தால் போதும். உள்ளே இருப்பவரும் சிறைக்குள் இயங்கும் சட்ட உதவி மையத்தில் எழுதிக் கொடுக்கலாம். இரண்டு பக்கமும் கொடுத்தால் நல்லது. வக்காலத்தில் அவர் கையெழுத்து எப்படியும் வேண்டுமே.

ஜாமீனுக்கும் முந்திய ஒரு கட்டம் இருக்கிறது. ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றம் என்றால், கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும். அவசியமில்லை என்றால் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதோடு நிற்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் நோட்டீஸ் இதில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. ரிமாண்டுக்குக் கொண்டுவரும் நேரத்தில் சட்ட உதவி வக்கீல் மாஜிஸ்திரேட் முன் இந்தக் காரணங்களைக் கேட்டுவிட்டால், பல கைதுகள் சிறை வரைக்கும் போகாது. ஆனால் ராத்திரியில் மாஜிஸ்திரேட் வீட்டிலேயே ரிமாண்ட் முடிந்துவிடும் நாட்களில் வக்கீல் அங்கே இருப்பது அரிது. இந்தச் சேவையின் பலவீனமான இடங்களில் இது ஒன்று. கைது செய்தி வந்த உடனே, மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கான 24 மணி நேரக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, போன் செய்வது அதனால்தான் முக்கியம்.

வெளிநாடுகளில் 'ஜீரோ பெயில்' என்று பேசப்படுவதை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். கலிபோர்னியாவில் கைதான உடனே குற்றத்துக்குத் தக்கபடி ஒரு தொகை. கட்டினால் வெளியே, இல்லாவிட்டால் உள்ளே. முழுத்தொகை இல்லாதவர் பெயில் கம்பெனிக்கு வழக்கமாக 10 சதவீதம் கொடுப்பார். அது திரும்பி வராது. கோவிட் பரவிய 2020 ஏப்ரலில் அந்த மாநிலம் பெரும்பாலான சிறு குற்றங்களுக்கு இந்தத் தொகையைப் பூஜ்யம் ஆக்கியது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 2023 அக்டோபர் 1 முதல், வன்முறை இல்லாத பல குற்றங்களில் ஆளைச் சம்மன் கொடுத்தோ பதிவு மட்டும் செய்தோ அனுப்பிவிடுகிறார்கள். நடுத்தரமானவற்றை மாஜிஸ்திரேட் ஒருவர் ஆளைப் பார்த்து, ஆபத்தைப் பார்த்து முடிவு செய்கிறார். கடுமையான குற்றங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பர் 18 முதல் பண ஜாமீனையே எடுத்துவிட்டது. வெளியே வந்தவர் திரும்பவும் குற்றம் செய்தால் என்ன ஆகும் என்ற பயம் அங்கே பலமாக எழுந்தது. அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால்தான் யாரை விடுவது என்பதைத் தொகையின் கையில் கொடுக்காமல் நீதிபதியின் கையில் கொடுக்கும் ஏற்பாடு எனக்குச் சரியாகப் படுகிறது. பணக்காரக் குற்றவாளியைத் தொகை தடுக்காது. ஏழையை, அவர் நிரபராதியாக இருந்தாலும், தடுக்கும்.

நம் ஊரில் தடை பணம் இல்லை, ஆள். இந்த வித்தியாசம் புரியாமல்தான் பல குடும்பங்கள் கடன் வாங்குகின்றன. '10,000 ரூபாய்க்குப் பிணைப் பத்திரமும், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்களும்' என்று ஆர்டரில் இருந்தால் பத்தாயிரத்தை எங்கேயும் கட்ட வேண்டியதில்லை. ஆள் வாய்தாவுக்கு வராமல் போனால் அந்தத் தொகையைக் கட்டுவோம் என்று எழுதிக் கொடுக்கும் வாக்கு அது, அவ்வளவுதான். ஆள் ஒழுங்காக வந்தால் யாரும் ஒரு ரூபாய் கட்டப்போவதில்லை. 'ஜாமீன் பணம் கட்டணும், கொண்டு வா' என்று கோர்ட் வாசலில் ஒருவர் சொன்னால், அது கோர்ட்டுக்குப் போகும் பணம் இல்லை. ஜாமீன்தாருக்குப் பதிலாக ரொக்கம் கட்ட, முன்பு சொன்ன புதிய நடைமுறைச் சட்டத்தின் 490-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் அது கோர்ட் அனுமதித்து, ரசீதோடு கட்டுவது. வழக்கு முடிந்ததும் திரும்பக் கிடைப்பது.

ஜாமீன்தார் என்றால் யார்? இங்கே தமிழ்நாட்டு ஆர்டர்களில் அடிக்கடி வரும் நிபந்தனை, இருவரில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பது. போட்டோ ஒட்டி, இடது கைப் பெருவிரல் ரேகை வைத்து, ஆதார் அல்லது பேங்க் பாஸ்புக் நகல் கொடுக்கச் சொல்வார்கள். கூடவே ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, பட்டா அல்லது வி.ஏ.ஓ. சான்று என்று கோர்ட்டுக்குக் கோர்ட் பட்டியல் நீளும். இருவரும் நேரில் வந்து மாஜிஸ்திரேட் முன் நிற்க வேண்டும். இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார்கள் என்பதையும் 486-ஆவது பிரிவின்படி எழுதிக் கொடுக்க வேண்டும்.

மலையில் இது எங்கே முட்டிக்கொள்கிறது என்று பாருங்கள். காபி எஸ்டேட் லைன் வீட்டில் குடியிருப்பவர் பெயரில் வீட்டு வரி ரசீது இருக்காது, வீடே எஸ்டேட்டுடையது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, சாயங்காலம் வரை காத்திருந்து, ஒரு பேப்பர் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டால் இரண்டு பேருக்கும் ஒரு நாள் கூலி போச்சு. கீழே நகரத்தில் கட்டட வேலைக்கு வந்த பீகார், ஒடிசா தொழிலாளிக்கு ரத்த உறவு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். இந்த இடத்தில்தான் வாடகை ஜாமீன்தார்கள் நுழைகிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். போலி ரசீது பிடிபட்டால் ஜாமீன் ரத்தாகும், புது வழக்கும் சேரும். நாளைக்கு உண்மையான ஜாமீன்தாரைக் கொண்டுவந்தாலும் கோர்ட் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

இதற்குச் சட்டத்திலேயே மருந்து இருக்கிறது. அதை இந்தச் சேவை சரியாகக் கேட்கிறதா என்பதில்தான் அதன் தரம் தெரியும். புதிய சட்டம் 'பாண்ட்' என்றால் ஜாமீன்தார் இல்லாத சொந்தப் பிணை, 'பெயில் பாண்ட்' என்றால் ஜாமீன்தாரோடு என்று 2-ஆம் பிரிவிலேயே பிரித்துச் சொல்லிவிட்டது. ஜாமீனில் விடத்தக்க குற்றமென்றால் 478-ஆவது பிரிவு: ஜாமீன்தார் கொடுக்க வழியில்லாத ஏழையைச் சொந்தப் பிணையில் விட்டாக வேண்டும். கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தார் கொடுக்க முடியவில்லை என்றாலே அவர் ஏழை என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். மற்ற குற்றங்களிலும், பிணைத் தொகை மிகையாக இருக்கக் கூடாது என்கிறது 484. இது புது யோசனை இல்லை. 1978-இல் மோதிராம் வழக்கில் ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தார் கேட்டு, அவர் சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டிருந்தார்கள். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதை மாற்றி, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார்.

ஆகவே முதல் மனுவிலேயே, 'சொந்தப் பிணையில் விடவும். இயலாவிட்டால் ஒரே ஜாமீன்தாரோடு, உள்ளூர் என்ற நிபந்தனை இல்லாமல்' என்று கேட்கச் சொல்லுங்கள். வெறுமனே கேட்டால் போதாது. எத்தனை வருடமாக அதே முகவரியில் இருக்கிறார், யாரிடம் வேலை, வீட்டில் யார் யார், முன் வழக்கு உண்டா இல்லையா என்ற விவரங்களும், அவற்றைக் காட்டும் தாள்களும் மனுவோடு போக வேண்டும். எஸ்டேட் மேலாளர் அல்லது பட்டறை முதலாளி கொடுக்கும் ஒரு பக்கக் கடிதம், பள்ளியில் படிக்கும் பிள்ளையின் சான்று, ரேஷன் கார்டு நகல்: ஓடிப்போக மாட்டார் என்பதற்கு இவைதான் சாட்சி. பல மனுக்களில் அச்சடித்த வரிகள் மட்டும் இருக்கும். இந்த விவரங்கள் ஒன்றும் இருக்காது. ஆர்டரில் வழக்கமான இரண்டு ஜாமீன்தார் நிபந்தனையே வந்து விழ அதுதான் காரணம். இலவச வக்கீல் என்றில்லை, காசு வாங்கும் வக்கீல்களிடமும் இதே குறை.

அப்படியும் ஜாமீன்தார் கேட்டு ஆர்டர் வந்துவிட்டால்? 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்களை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம். ஜாமீன் ஆர்டரின் நகலைக் கோர்ட் அன்றைக்கோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். 7 நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தன்னார்வலரையோ வக்கீலையோ அனுப்பிக் காரணம் கேட்க வேண்டும். நன்னடத்தை அலுவலர் மூலம் குடும்பத்தின் பொருளாதார நிலை அறிக்கை தயாரித்துக் கோர்ட்டில் வைத்து நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம். வெளியே வந்தால்தான் ஜாமீன்தார் தேட முடியும் என்று சொல்பவருக்குத் தற்காலிக ஜாமீன் தரலாம். ஒரு மாதம் ஆகியும் பிணை கொடுக்கவில்லை என்றால் கோர்ட் தானாகவே எடுத்து நிபந்தனையை மாற்றலாம். உள்ளூர் ஜாமீன்தார்தான் வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம் என்றும் அதிலேயே இருக்கிறது. எட்டாம் நாள் காலையில் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய், 'ஆர்டர் ஆகி ஏழு நாள் முடிந்தது, நிபந்தனை மாற்ற மனு போடுங்கள்' என்று ஆர்டர் நகலோடு எழுதிக் கொடுங்கள். நியமனம் பெற்ற வக்கீல் ஆர்டரோடு தன் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுவது எங்கும் இருக்கும் குறை; இந்த ஒரு கடிதம் அதைச் சரிசெய்யும்.

ரொக்கமாகக் கட்டினால்தான் ஆகும் என்ற நிலை வந்தால், ஏழைக் கைதிகளுக்கு உதவும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. 2023 வழிகாட்டுதலில் விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை என்று இருந்தது. மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், ஆணைக்குழுச் செயலாளர், சிறைக் கண்காணிப்பாளர் ஆகியோர் இருக்கும் குழு முடிவு செய்யும். போதைப்பொருள், ஊழல் தடுப்பு, பணமோசடித் தடுப்பு, சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு ஆகிய சட்டங்களின் கீழ் உள்ள வழக்குகளுக்குக் கிடையாது. பணத்தைக் கையில் தர மாட்டார்கள், கோர்ட்டில்தான் கட்டப்படும். நல்ல திட்டம், ஆனால் குழு கூடும் வரை காத்திருக்க வேண்டும். சொந்தப் பிணைக்கு மாற்றுவதே வேகம் என்பது என் கணிப்பு.

சிறை வாசலில் நடப்பது தனிக் கதை. பிணை கொடுத்த பிறகு கோர்ட் விடுதலை ஆணை அனுப்பும். அதில் உள்ள பெயர், அப்பா பெயர், குற்ற எண், பிரிவுகளை ரிமாண்ட் வாரண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 'முருகேசன்' ஓரிடத்தில் 'முருகேஷ்' ஆகியிருந்தாலும், பிரிவு ஒன்று விட்டுப்போயிருந்தாலும் திருத்தத்துக்குத் திரும்பி வரும். சாயங்கால லாக்-அப் முடிந்த பிறகு வரும் ஆணைக்கு மறுநாள் காலைதான் விடுதலை. சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறைக்கு முந்தின நாள் மதியத்துக்குள் பிணைப் பத்திரம் முடியவில்லை என்றால் மூன்று நாள் கூடுதலாகப் போகும். கோர்ட் எழுத்தர் ஆணையைத் தட்டச்சு செய்யும்போதே ஒவ்வொரு எழுத்தையும் பக்கத்தில் நின்று சரிபாருங்கள். சேலத்தில் கோர்ட்டும் மத்தியச் சிறையும் ஒரே அஸ்தம்பட்டிப் பகுதியில் இருப்பதால், பிழை வந்தாலும் அன்றைக்கே திருத்திக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆள் வெளியூர்ச் சிறையில் இருந்தால் அந்த வசதி இல்லை.

வாசலில் நிற்கும்போது இன்னொரு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை வேறொரு கோர்ட்டில் ஆஜர்படுத்தச் சொல்லும் ஆணை) இருக்கிறது என்று சொல்லி ஆளை விடாமல் வைப்பதுதான் குடும்பத்துக்குப் பெரிய அதிர்ச்சி. முதல் நாளே உள்ளே இருப்பவரிடம் பழைய வழக்கு, மறந்துபோன வாய்தா, நிலுவை வாரண்ட் எல்லாவற்றையும் வக்கீல் கேட்டு, எல்லா வழக்கிலும் சேர்த்தே மனு போட வேண்டும். பல வழக்குகளுக்கும் அதே ஜாமீன்தாரர்களை ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் ஒரு வழக்கில் அனுமதித்திருக்கிறது, அதைச் சுட்டிக்காட்டலாம்.

நாள் கணக்கில் இந்தச் சேவை மிகவும் உதவக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, போலீஸ் கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் உரிமையாகக் கிடைக்கும் ஜாமீன். கெடு பொதுவாக 60 நாள். மரண தண்டனை, ஆயுள், அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனையுள்ள குற்றங்களுக்கு 90. ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் தீர்ப்பாகிவிட்டது. கெடு முடிந்து, குற்றப்பத்திரிகை வருவதற்குள் மனு போட்டுவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் உரிமை கைநழுவும். இதற்குப் பணம் டெபாசிட் செய் என்று நிபந்தனை போடக் கூடாது என்பதும் தமிழ்நாட்டிலிருந்து போன சரவணன் வழக்கில் 2020-இல் முடிவானது. இரண்டாவது, 479-ஆவது பிரிவு. இதற்கு முன் தண்டனை பெறாதவர், அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால், சொந்தப் பிணையில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. மூன்று ஆண்டு தண்டனையுள்ள திருட்டுக்கு ஒரு வருடம் என்று கணக்கு. மனு போடும் கடமை சிறைக் கண்காணிப்பாளருக்கே உண்டு. 2024 ஜூலை 1-க்கு முந்திய வழக்குகளுக்கும் இது பொருந்தும். ஆனால் ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்குக் கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் இந்தக் கதவு மூடிவிடும்.

குண்டர் சட்டத்தில் வைக்கப்பட்டவருக்கு இதெல்லாம் பயன்படாது. ஜாமீன் ஆர்டர் இருந்தாலும் தடுப்புக் காவல் ஆணை ரத்தாகும் வரை வெளியே வர முடியாது. தடுப்புக் காவலைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகமோ, சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவோதான் வழி. உயர் நீதிமன்றத்திலும் சட்டப்பணிகள் குழு இருப்பதால் சென்னையில் வக்கீல் தேடி அலைய வேண்டாம். இங்கிருந்தே விண்ணப்பத்தை அனுப்பச் சொல்லலாம்.

வெளியே வந்த பிறகு 'தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து' என்று நிபந்தனை இருந்தால், தினக்கூலிக்காரருக்கு அது வேலையையே பறிக்கும். சில வாரம் தவறாமல் போட்டுவிட்டு, வாரம் ஒரு நாளாகக் குறைக்கவோ நீக்கவோ அதே இலவச வக்கீல் மூலம் மனு போடலாம். வாய்தா தேதியை மட்டும் எதற்காகவும் விடக் கூடாது. பிணையில் வந்தவர் காரணமின்றி வராமல் போனால் பிடிவாரண்ட் வரும். அதுவே தனிக் குற்றமும்கூட, ஓராண்டு வரை சிறை. அடுத்த முறை சொந்தப் பிணை கேட்டால் மாஜிஸ்திரேட் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வக்கீலிடம் கேட்டு வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு வைத்தால் அடுத்த தேதியை மலையில் இருந்தபடியே போனில் பார்த்துக்கொள்ளலாம்.